பௌர்ணமிக்கு மறுநாள் எண்ணிய நாய்கள்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நான் வரைந்த ஒரு சார்ட்டால் பதினோரு நாய்கள் செத்துப்போயின. இப்படிச் சொன்னால் என் கணவருக்குப் பிடிக்காது. "நீயா விஷம் வச்ச?" என்பார். நான் வைக்கவில்லைதான். யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தச் சார்ட்டில் எது பொய் என்பது அன்றைக்கு இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான். இன்னொருத்திக்குப் பன்னிரண்டு வயது. அவள் வாயைத் திறந்து சொன்னாள், நான் அடக்கிவிட்டேன்.

கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெருவில் இருக்கிறது எங்கள் நடுநிலைப் பள்ளி. அறிவியலும் கணக்கும் என் பாடம். இருபது வருடமாக இதே வேலை. நன்றாக நடத்துகிறேன் என்று எனக்கே ஒரு நினைப்பு உண்டு. கோபமும் உண்டு. பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பயப்படுவார்கள், அப்புறம் மறந்துவிட்டுச் சிரிப்பார்கள். நான் இதைப் பெருமையாகவே வைத்திருந்தேன்.

அந்த வருடம் விலங்குகளை வகைப்படுத்தும் பாடம் நடந்துகொண்டிருந்தது. "பாலூட்டிகள் குட்டி ஈன்று பாலூட்டும், உடலில் உரோமம் இருக்கும்" என்று மொத்த வகுப்பும் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே மதில்மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து தன் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே ராகத்தை விடாமல் சொன்னார்கள். வாய் சொல்வதும் கண் பார்ப்பதும் ஒன்றுதான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னேன். நாளைக் காலையிலிருந்து வெளியே போய் விலங்குகளை எண்ணப்போகிறோம் என்றேன்.

கணக்கில் அப்போது பட்டை வரைபடம் வந்திருந்தது. இரண்டையும் சேர்த்துவிட்டேன். பள்ளித் தெருவிலிருந்து கிரிவலப் பாதையில் அடுத்த லிங்கம் வரைக்கும் எங்கள் எல்லை. நாலு நாலு பேராகக் குழு. நோட்டில் கட்டம் போட்டு பாலூட்டி, பறவை, ஊர்வன, நீர்நில வாழ்வன, பூச்சி என்று தலைப்பு. ஒரு விலங்கைப் பார்த்தால் ஒரு கோடு, நாலு கோடு ஆனதும் ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கவேண்டும். அவ்வளவுதான் விதி.

முதல் நாள் பாதி நேரம் சண்டையிலேயே போயிற்று. புளியமரத்தில் தொங்கிய வௌவாலைப் பறவையில் போட்ட ஒருவனை மற்ற மூவரும் விரட்டினார்கள். "மாடு சாமி மிஸ், அத குரங்குகூட சேத்து எப்படி எழுதறது?" என்று ஒருத்தி உண்மையாகவே வருத்தப்பட்டாள். அரசமரத்தடியில் உட்கார்ந்திருந்த சாமியார் ஒருவர் நடப்பதைக் கேட்டுவிட்டு, "என்னை எதுல எழுதுவீங்க?" என்றார். பையன்கள் என்னைப் பார்த்தார்கள். மனிதனும் பாலூட்டிதான், ஆனால் நாம் எண்ணப்போவதில்லை என்றேன். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. 

நாய்களை எண்ணும் பொறுப்பை ஒரு பெண்ணிடம் கொடுத்திருந்தேன். மற்றவர்கள் நாய் என்றால் நாலடி தள்ளி நிற்பார்கள். இவளுக்குப் பயமே கிடையாது. அவள் அம்மாவுக்குச் செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் விரிப்புகளைத் துவைக்கிற வேலை. விடிவதற்குள் கிளம்பிவிடுவார். அதனால் தினமும் இவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விடுவது ஒரு நாய். செம்மண் நிறம், பெட்டை, இடது காதில் பாதி இல்லை. வாசலில் இருக்கும் புங்கமரத்தடிக்கு வந்து படுத்துக்கொண்டால் சாயங்காலம் மணி அடிக்கும்வரை அங்கேதான். அதற்கு ஒரு பெயர் இருந்தது. அதை நான் இங்கே எழுதவில்லை.

முதல் நாள் கணக்கில் நாய் பதினொன்று. மற்றவர்கள் கோடு மட்டும் போட்டிருக்க, இவள் ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தாள். வாங்கிப் பார்த்தேன். 'டீக்கடை நொண்டி'. 'வெள்ளை வாலு'. 'தாத்தா நாய், கண்ணு தெரியாது'. 'ஜெராக்ஸ் கடை வாசல் ரெண்டு, அக்கா தங்கச்சி'. கடைசிக் கோட்டுக்கு எதிரே 'என்னோடது'.

"இதெல்லாம் எதுக்கு?" என்றேன்.

"எண்ணினதையே திரும்ப எண்ணிடக்கூடாது இல்ல மிஸ். அதான் யாரு யாருன்னு எழுதிக்கினேன்."

ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதைத்தான் செய்வார்கள். ஒவ்வொன்றையும் அடையாளம் குறித்துவைத்துக்கொண்டுதான் எண்ணுவார்கள். நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவள், எனக்கு இது தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாகவே கண்டுபிடித்திருந்தாள். வேறொரு நாளாக இருந்தால் வகுப்பே கைதட்டும்படி செய்திருப்பேன். அன்றைக்கு வெயில் ஏறிவிட்டது, முதல் பீரியட் மணி அடித்துவிட்டது. "எண்ணிக்கை போதும், கதை வேணாம்" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

கரும்பலகையில் அந்த முதல் நாள் கணக்கை வைத்து வரைபடம் போட்டுப் பார்த்தோம். சப்பென்று இருந்தது. காகம் கொஞ்சம், அணில் கொஞ்சம், குரங்கு கொஞ்சம், நாய் கொஞ்சம். எல்லாப் பட்டையும் ஏறத்தாழ ஒரே உயரம். இன்னும் சில நாளில் வேங்கிக்கால் பக்கம் ஒரு மண்டபத்தில் பல பள்ளிகள் சேர்ந்து நடத்தும் அறிவியல் கண்காட்சி இருந்தது. தலைமையாசிரியர், "இந்த வருஷமாச்சும் நம்ம ஸ்கூல் பேரு வர்ற மாதிரி எதனா பெருசா பண்ணுங்க மேடம்" என்று சொல்லியிருந்தார். இந்தச் சப்பைப் படத்தை எடுத்துப் போனால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பௌர்ணமிக்கு மறுநாள் எண்ணினால் என்ன?

இந்த ஊரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பௌர்ணமி அன்று லட்சக்கணக்கான பேர் மலையைச் சுற்றுகிறார்கள். வழி நெடுக அன்னதானம். புளியோதரை, சாம்பார் சாதம், தயிர் சாதம். பசித்தவனும் வாங்குவான், பசிக்காதவனும் பிரசாதம் என்று வாங்குவான். இரண்டு வாய் தின்றுவிட்டுத் தொன்னையோடு ஓரத்தில் போட்டுவிட்டு நடப்பான். மறுநாள் காலையில் துப்புரவுப் பணியாளர்கள் அள்ளிக்கொண்டு வரும்வரை பாதை முழுக்கச் சோறு. அந்தச் சோற்றுக்காகச் சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்தெல்லாம் நாய்கள் வரும். கூட்டம் கூட்டமாக வந்து இரண்டு நாள் தின்றுவிட்டு அது அது தன் ஊரைப் பார்க்கப் போய்விடும். நாய்கள் மட்டுமா, காகம், குரங்கு, பன்றி எல்லாம்தான். வரைபடத்துக்குப் பஞ்சமே இருக்காது.

இது தெரிந்தேதான் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல ஆசைதான்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை போனோம். நான் நினைத்ததைவிட அதிகம். ஒரு லாரி அளவுக்குக் குவிந்திருந்த பாக்குமட்டைத் தட்டுகளைச் சுற்றி நாய்கள் உறுமிக்கொண்டு நின்றன. எனக்குச் சின்ன வயதில் ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்து ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள், அன்றிலிருந்து நாயைக் கண்டால் தள்ளித்தான் நடப்பேன். பிள்ளைகளைச் சாலையின் எதிர்ப்பக்கமே நிறுத்தி எண்ணச் சொன்னேன். கோடுகள் ஒரு பக்கம் நிரம்பி அடுத்த பக்கம் போயின. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. அந்தப் பெண் மட்டும் பென்சிலைப் பிடித்தபடி நின்றாள்.

"என்ன நிக்கிற? எழுது."

"மிஸ், இதுங்க நம்ம ஏரியா நாய் இல்ல மிஸ். வேற ஊரு. நாளைக்கே போயிடும். நம்மளது அங்க டீக்கடைகிட்ட பயந்துகினு உக்காந்திருக்குது பாருங்க."

"கண்ணால பாக்கறத எண்ணு. எந்த ஊருன்னு கேட்டு ரேஷன் கார்டா குடுக்கப்போறோம்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் என் பேச்சு பிடித்திருந்தது. அவள் சிரிக்கவில்லை. குனிந்து கோடு போட ஆரம்பித்தாள். எதிரே எதுவும் எழுதவில்லை. அவள் நோட்டை வாங்கி, முதல் நாள் எழுதியிருந்த பதினோரு நாய்ப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்து 'பயிற்சிக்கு மட்டும்' என்று எழுதினேன். இதையும் அதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக்கூடாதே என்று.

சார்ட்டு வரைய இரண்டு நாள் ஆயிற்று. ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு விலங்கு என்று அளவு வைத்தோம். நாய்ப் பட்டை சார்ட்டுக்குள் அடங்கவில்லை. ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து என்று அளவை மாற்றியிருக்கலாம், அதுதான் முறை. நான் மாற்றவில்லை. மேலே இன்னொரு துண்டுச் சார்ட்டை ஒட்டச் சொன்னேன். மற்ற விலங்குகள் எல்லாம் முழங்கால் உயரத்தில் நிற்க, நாய் மட்டும் தாளைவிட்டு வெளியே கொடிமரம் மாதிரி எழும்பி நின்றது. சிவப்புக் கலர் அடித்தோம். தலைப்பு: 'எங்கள் பகுதியில் வாழும் விலங்குகள்'. எந்த நாளில் எண்ணியது என்று போடவில்லை. பௌர்ணமி என்ற சொல் சார்ட்டில் எங்குமே இல்லை.

கண்காட்சியில் எல்லோரும் எங்கள் மேஜைமுன் நின்றார்கள். அந்தச் சிவப்புப் பட்டை இழுத்து நிறுத்தியது. இரண்டாம் பரிசு, ஒரு கேடயம்.

பரிசு வாங்குவதற்கு முன்னால் ஒருவர் வந்தார். எங்கள் பள்ளிக்குப் பின்னால் புதிதாக வந்திருக்கும் வீட்டுமனைகளில் குடியிருப்பவர். பணி ஓய்வு பெற்றவர், அங்கே குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். பேத்தி செய்து வைத்திருந்த அறிவியல் மாதிரியைப் பார்க்க வந்திருந்தார். நாகரிகமான மனிதர். சார்ட்டை வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளோ நாயா மேடம் நம்ம ஏரியாவுல?"

"பசங்க நேர்ல போய் எண்ணினது சார்" என்றேன்.

பேத்தியை மூன்று மாதம் முன்னால் நாய் கடித்துவிட்டது என்றார். ஒன்பது வயதுக் குழந்தை, இன்னும் தெருவில் தனியாக இறங்கமாட்டாளாம். அவள் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்கால் தழும்பைக் காட்டினார். நானும் எனக்குக் கடித்த கதையைச் சொன்னேன். "சொன்னா யாரும் நம்பமாட்டேங்கறாங்க மேடம், ஜாஸ்தியா சொல்றோம்ங்கறாங்க. நீங்க ஆதாரமே குடுத்துட்டீங்க" என்று சொல்லி செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். 'சார், இது பௌர்ணமிக்கு மறுநாள் எடுத்த கணக்கு.' அவ்வளவுதான், வாய் வலிக்காது. பக்கத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மேடையில் எங்கள் பள்ளியின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் போய்விட்டேன்.

படம் வாட்ஸாப்பில் சுற்றியது. எங்கள் ஆசிரியர் குழுவுக்கே வேறு யாரோ அனுப்பி வந்தது. கீழே, 'பள்ளி மாணவர்களின் அதிர்ச்சி ஆய்வு'. எனக்கு உள்ளுக்குள் ஒரு பூரிப்பு, மறைக்கமாட்டேன். நான் இருக்கும் ஏரியா குழுவில் அதன்கீழே வந்திருந்த பேச்சுகளையும் படித்தேன். மனு கொடுக்கவேண்டும் என்றார்கள் சிலர். மனு கொடுத்து எப்போது நடக்கும், நாமே ஒரு வழி பண்ணிடலாம் என்றார்கள் சிலர். வாய்ச் சொல்லில் வீரர்கள் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை. எட்டு மணிக்குப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தேன். டீக்கடை வாசலில் கும்பல். நொண்டி நாய் சாக்கடை ஓரத்தில் கால்களை விறைத்துக்கொண்டு கிடந்தது. வாயில் நுரை. டீக்கடைக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஜெராக்ஸ் கடை வாசலில் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று தலை வைத்தபடி. கண் தெரியாத கிழ நாய் கோயில் சுவரோரம். வழியெல்லாம் பாக்குமட்டைத் தட்டுகளில் கோழிக்கறி கலந்த சோறு, நன்றாகப் பிசைந்து, ஒவ்வொரு முனையிலும் ஒன்று. அன்னதானம் மாதிரி வரிசையாக வைத்திருந்தார்கள். வெளியூர் நாய்கள் அதற்குள் எப்போதோ போய்விட்டிருந்தன. மிச்சம் இருந்தது அந்தப் பதினொன்றுதான். பௌர்ணமி முடிந்து பத்து நாள், அவற்றுக்கு நல்ல பசி.

புங்கமரத்தடியில் செம்மண் நிற நாய் கிடந்தது. எங்கேயோ தின்றிருக்கிறது. தின்றுவிட்டு, எப்படியோ இழுத்துக்கொண்டு தான் காத்திருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வந்த வழியெல்லாம் மண்ணில் தடம். இன்னும் உயிர் இருந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

அந்தப் பெண் தனியாக நடந்து வந்தாள். வீட்டில் நாயைக் காணோம் என்று தேடிவிட்டு வந்திருக்கிறாள். பையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அதன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். சத்துணவு அம்மா உப்புக் கரைத்துக் கொண்டுவந்து ஊற்றினார், உள்ளே இறங்கவில்லை. நான் தெரிந்த நம்பருக்கெல்லாம் போன் போட்டேன். கால்நடை மருத்துவர் ஒருவர், இதோ வருகிறேன் என்றார். வந்துகொண்டும் இருந்திருப்பார். அதற்குள் முடிந்துவிட்டது. பிரேயர் மணி அடித்தது. ஒருவரும் வரிசையில் நிற்கப் போகவில்லை.

அப்போது ஒரு பையன் சொன்னான், யாரையும் குறை சொல்லும் குரலில் அல்ல, தெரிந்ததைச் சொல்லும் குரலில். "எங்க மாமா குரூப்புல நம்ம சார்ட்ட போட்டு, இவ்ளோ நாய் இருந்தா எப்படி நடக்கறது, எல்லாத்தையும் காலி பண்ணனும்னு போட்டிருந்தாங்க மிஸ்."

அந்தப் பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. பன்னிரண்டு வயதுப் பெண் டீச்சரைத் திட்டமுடியாது. பார்க்கத்தான் முடியும்.

இன்னொருவன் ஓடி வந்தான். கையில் நோட்டு, பென்சில். "மிஸ், பின்னாடி காக்கா மூணு செத்துக் கெடக்குது. ஒரு கீரிப்புள்ள. காக்காவ பறவையில எழுதட்டா, இல்ல செத்ததுக்குத் தனியா கட்டம் போடட்டா?"

"மூடுடா நோட்ட!" என்று கத்தினேன்.  நோட்டைப் பிடுங்கி எறிந்தேன். பாவம், நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவன் செய்தான். வகுப்பிலேயே சரியாகச் செய்தவன் அவன்தான். அன்று மத்தியானம் போய் நோட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்து அவன் பையில் வைத்தேன். என்னிடம் அவன் முன்போல் பேச வெகுநாள் ஆயிற்று.

மற்ற நாய்களைக் குப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த ஒன்றை மட்டும் பள்ளிக்குப் பின்னால் மதிலோரம் புதைத்தோம். தலைமையாசிரியர் முதலில் வேண்டாம் என்றார். பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே மண்வெட்டி எடுத்துவந்து கொடுத்தார். அப்புறம் என்னிடம் மெதுவாக, "நீங்க ஏன்மா மனச போட்டு ஒழப்பிக்கிறீங்க? நாம எண்ணித்தானே பார்த்தோம்" என்றார். அவர் அறைச் சுவரில் கேடயம் மாட்டியிருந்தது.

சாயங்காலம் அந்தச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் கேட்பதற்கு முன்பே, "சத்தியமா நான் வைக்கல மேடம். யார் வச்சாங்கன்னும் எனக்குத் தெரியாது. மனுதான் எழுதினேன், அதுகூட இன்னும் குடுக்கல" என்றார். நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. வாசலில் பேத்தி சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தாள், தனியாக.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பௌர்ணமி, வெளியூர் நாய்கள், பதினொன்று. 

"அப்ப ஏன் மேடம், அன்னிக்கு நான் கேட்டப்பவே இத சொல்லல?"

நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த பௌர்ணமிக்கு வழக்கம்போலக் கூட்டம். வழக்கம்போல அன்னதானம். மறுநாள் வெளியூர் நாய்கள் முன்போலவே கூட்டமாக வந்து தின்றுவிட்டுப் போயின. சார்ட்டில் கொடிமரமாக நின்றவற்றில் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. 'எத்தனை போட்டாலும் குறையமாட்டேங்குதே' என்று ஏரியா குழுவில் யாரோ அதிசயப்பட்டு எழுதியிருந்தார்கள். நான் பதிலாக நீளமாக எழுதினேன், எண்ணிய நாள், எண்ணிய விதம், என் தவறு எல்லாம். இரண்டு பேர் கும்பிடும் கையைப் போட்டார்கள். பத்து நிமிடத்தில் யாரோ காலை வணக்கப் பூப்படம் அனுப்ப, அது மேலே போய்விட்டது.

நாயைப் புதைத்த மறுநாளிலிருந்து அந்தப் பெண் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. ஒரு நாள் காலையில் அவள் அம்மா வேலையில் சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "கொண்டாந்து உட ஆளு இல்லன்னு வரமாட்டேங்கறா டீச்சர்" என்றார். நாய் செத்த காரணம் அந்த அம்மாவுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தமாதிரிதான் பார்த்தார். அல்லது யார் பார்த்தாலும் அப்போது எனக்கு அப்படித் தோன்றியிருக்கும்.

அன்று வகுப்பில் பாடம் நடத்தவில்லை. மேஜைக்கு முன்னால் வந்து நின்று சொன்னேன். சார்ட்டு தப்பு. பௌர்ணமிக்கு மறுநாள் எண்ணக் கூட்டிப்போனது தப்பு. தேதி போடாதது தப்பு. உங்களில் ஒருத்தி சரியாகச் சொன்னாள், நான் அவளைக் கேலி செய்து வாயை அடைத்தேன். இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை, எல்லாம் என் தப்பு.  இருபது வருடத்தில் வகுப்பில் நான் அழுதது அந்த ஒருமுறைதான். முன் பெஞ்சில் ஒருவன், "பரவால்ல மிஸ்" என்றான். நல்ல பையன். அந்த வார்த்தையை என்னால் தாங்கமுடியவில்லை. அவளைப் பார்த்தேன். அவள் டெஸ்க்கில் நகத்தால் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் எண்ணலாம் என்றேன். கேடயத்துக்காக இல்லை, கண்காட்சிக்காக இல்லை. சாதாரண நாளில், சரியான முறையில், ஒழுங்காக ஒருமுறை. பிராயச்சித்தம் என்று மனதுக்குள் நினைத்திருக்கலாம். இல்லாவிட்டால் எதற்கு அந்தப் பிள்ளைகளை மறுபடியும் அந்தத் தெருவில் நடக்கவைத்தேன்?

ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். யாரும் சண்டை போடவில்லை. வௌவால் அதே புளியமரத்தில் தொங்கியது, பேசாமல் பாலூட்டியில் எழுதிக்கொண்டார்கள். குரங்குகள் முன்பைவிடத் தைரியமாகத் தெருவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தன, விரட்ட நாய் இல்லை. டீக்கடை வாசலில் எல்லோரும் கொஞ்சம் வேகமாக நடந்தார்கள். அவளும் வந்தாள். நோட்டைப் பிரித்து வைத்திருந்தாள். ஒரு கோடும் போடவில்லை.

மறுநாள் எல்லோரும் வரைந்துகொண்டு வந்தார்கள். இந்தமுறை அளவு சரி, தேதி சரி. 'சாதாரண நாள், செவ்வாய்' என்று தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். நாய் என்று எழுதிய இடத்துக்குமேல் எல்லா நோட்டிலும் வெறுமை. ஒன்றும் இல்லாததைக் காட்ட எவ்வளவு உயரம் வரையவேண்டும் என்று ஒருவன் கேட்டிருந்தான். ஒன்றும் வரையவேண்டாம், பெயர் மட்டும் எழுது என்று சொல்லியிருந்தேன்.

கடைசியாக அவள் நோட்டு. செவ்வாய்க்கிழமைக் கணக்கு அதில் இல்லை. தலைப்பில் முதன்முதலில் நாங்கள் எண்ணப்போன நாளின் தேதி. நான் சிவப்பில் அடித்து 'பயிற்சிக்கு மட்டும்' என்று எழுதியிருந்த பக்கத்தைப் பார்த்து அதிலிருந்து வரைந்திருந்தாள். காகம், அணில், குரங்கு, நாய் எல்லாம் ஏறத்தாழ ஒரே உயரம். நாய்ப் பட்டையை மட்டும் பதினோரு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள். டீக்கடை நொண்டி. வெள்ளை வாலு. அக்கா. தங்கச்சி. உச்சிக் கட்டத்தில் 'என்னோடது' என்று இல்லை, அந்தப் பெயர் இருந்தது.

"நேத்து எண்ணினது எங்கே?" என்று கேட்டேன்.

"கண்காட்சிக்கு இதத்தான் மிஸ் எடுத்துனு போயிருக்கணும்" என்றாள்.

பத்துக்குப் பத்து போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன். அவள் நோட்டை வாங்கிக்கொண்டு, மதிப்பெண்ணைப் பார்க்காமலே மூடிப் பைக்குள் வைத்தாள்.